வெட்டுண்ட 'வேண்டாம்'

அடுகோடியில் ஒரு வாடகை அறை. களப்பதிவுகளுக்கான சிறு மேசைக்கணினிச் செயலியொன்றை நிரலாளர் ஒருவர் தமிழாக்கியிருந்தார். ஆங்கிலத்தில் யாவும் செவ்வனே இருந்தன. தமிழுக்கு மாற்றியதும், 'பழைய பதிவுகளை அழிக்க வேண்டாம்' என்ற தேர்வுப்பெட்டியின் வாசகம் 'பழைய பதிவுகளை அழிக்க' என்பதோடு நின்றது. பதிவுகளைக் காக்க நினைத்த நண்பர் பெட்டியில் குறியிடாமல் விட்டார். ஒரு மாத உழைப்பு அழிந்தது.

ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் முன்னே வரும். தமிழிலோ வினைக்குப் பின், ஈற்றில். வலப்புறம் இடம் போதாவிடில் முதலில் பலியாவது அதுவே.

கியூடி டிசைனரில் ஓர் உறுப்பை இழுத்து வைத்துத் தளவமைப்பு இடாமல் விட்டால், அதன் இடமும் அகலமும் பிக்சல் எண்களாக எக்ஸ்எம்எல் கோப்பில் உறைந்துவிடும். மொழி மாறினும் எண் மாறாது. 1991-இல் வந்த விஷுவல் பேசிக் காலத்துப் பழக்கம் இது. அங்கே அங்குலத்துக்கு 1440 டுவிப் என்று அளந்தார்கள். தளவமைப்பற்ற கொள்கலனுக்கருகே டிசைனர் ஒரு சிவப்புக் குறியைக் காட்டத்தான் செய்கிறது. (அதை யார் பார்க்கிறார்கள்?)

கட்டத் தளவமைப்பை இட்டதும் ஒவ்வோர் உறுப்பும் எழுத்துருவை அளந்து தனக்கு வேண்டிய அகலத்தைக் கேட்டுப் பெற்றது. உயரத்தை மட்டும் அவர் முன்பே கையால் நிலைப்படுத்தியிருந்தார். 'மூ'வின் கீழ்ச்சுழி அறுபட்டது. அதையும் தளர்த்தினார். பிறகு வாசகத்தையே மாற்றினார்: 'பழைய பதிவுகளைப் பேணுக.'