பேர் போட்ட புத்தகம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், சாயங்காலம் கொழுந்து நிறுத்து, கணக்கு சரியாக வந்தால் ஒரு பேர். எடை குறைந்தால் அரைப் பேர். இலங்கை மலையகத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் கொண்டுவந்த சொல் அது. கணக்கப்பிள்ளை செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் நம் பெயருக்கு நேரே குறி வைத்தால்தான் அன்றைக்கு நாம் உழைத்ததாகக் கணக்கு. "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று லயம் என்னும் வரிசை வீடுகளின் வாசலில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். பெயரும் கூலியும் ஒன்றாகிப்போன வாழ்க்கை.

எடை பார்க்காமல், கூலி பேசாமல், என் பெயரை ஒருவர் ஒரு பேரேட்டில் எழுதியது எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தபோது. எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் பக்கத்தில் ஒரு பகுதி நேர நூலகம் திறந்திருந்தார்கள்.

ஓவேலி என்று தனியாக ஓர் ஊரைத் தேடினால் கிடைக்காது. கூடலூரிலிருந்து ஏறினால் சூண்டி, பார்வுட், எல்லமலை, பெரியசோலை என்று மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கிற குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்துதான் ஓவேலி. பேரூராட்சிக்குத்தான் அந்தப் பெயர். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் என் பெற்றோரும் இருந்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, தெரிந்த ஒரே தொழிலைத் தேடிக் கூடலூர் மலைக்கு வந்தவர்கள். எங்களுக்கு முன்பே அங்கே மலையாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் முன்பே பணியர், குறும்பர், மவுண்டாடன் செட்டிகள் இருந்தார்கள்.

அதனால் எந்தப் பொருளுக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு சொல் போதாது. நாங்கள் லயம் என்போம், மற்றவர்கள் பாடி என்பார்கள். நூலகத்துக்கும் அப்படித்தான். டீக்கடைச் சேட்டன் அதை 'வாயனசாலை' என்றார். அப்பா 'வாசிகசாலை' என்றார். பச்சை வண்ணத்தில் வெள்ளை எழுத்தாகப் பலகையில் இருந்தது 'நூலகம்'. மூன்றும் ஒரே அறைதான். ஓட்டுக் கூரை, இரண்டு ஜன்னல், இரண்டு நீள பெஞ்சு, ஒரு மேசை, கதவு வைத்த மூன்று இரும்பு அலமாரி. அவ்வளவே.

வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை உண்டு என்று சேட்டன்தான் அப்பாவுக்குச் சொன்னார். ஞாயிறு திறந்திருக்கும் என்பதே எங்களுக்குப் பெரிய செய்தி. தோட்டத்து ஆட்களுக்கு வேறு எந்த நாள் இருக்கிறது? ஆனால் ஞாயிறு என்றால் கைக்காசு நாள். அன்றைக்கு எடுக்கிற கொழுந்துக்குக் கையில் காசு கொடுப்பார்கள். அம்மாவோடு நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் உதவுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, "இன்னைக்கு புள்ள வராது. வாசிகசாலைய பார்த்துட்டு வரட்டும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் என் கூடையையும் தன் கூடைக்குள் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார்.

ஆடி மாசம். எங்கள் பக்கத்து மழை தென்மேற்கிலிருந்து வரும். ஆரம்பித்தால் வாரக்கணக்கில் விடாது. ஊட்டியில் வெயில் அடிக்கும் நாளிலும் கூடலூர்ப் பக்கம் கொட்டும். சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினேன். கால் விரல் இடுக்கில் அட்டை ஏறியது தெரியவில்லை. நூலகத்து வாசலில் சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, மேசையில் கிடந்த அம்புலிமாமாவைக் கையில் எடுத்த பிறகுதான் கீழே பார்த்தேன். புது சிமெண்ட் தரையில் ரத்தம் சொட்டியிருந்தது. ஒரு சொட்டு இல்லை, ஐந்தாறு. அட்டை கடித்த இடம் வலிக்காது, ஆனால் ரத்தம் எளிதில் நிற்காது. காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். தரையைக் கெடுத்ததற்கு வெளியே போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். தோட்டத்து ஆபீசுக்குள் சேற்றுக்காலோடு போனால் அப்படித்தான் சொல்வார்கள்.

நூலகர் மேசையிலிருந்து எழுந்து வந்தார். சமவெளிக்காரர், அட்டைக்குப் பயந்தவர் என்பது பின்னால் தெரிந்தது. பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து, அச்சில்லாத ஓரத்தை மட்டும் நகத்தளவு கிழித்து, "இத ஒட்டி வை பாப்பா, நின்னுடும்னு இங்க உள்ளவங்க சொல்லித் தந்தாங்க" என்று கொடுத்தார். ஒட்டினேன். காகிதம் சிவந்து பிடித்துக்கொண்டது. அவரே ஒரு துணியால் தரையைத் துடைத்தார். நான் துடைக்கிறேன் என்று எழுந்ததற்கு, "நீ படி" என்றார்.

அந்த இரண்டு சொல்லை எனக்கு அதற்கு முன் யாரும் கட்டளையாகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் 'எழுது' என்பார்கள், 'ஒப்பி' என்பார்கள். வேறு வேலையிலிருந்து விடுவித்து, 'நீ படி' என்று உட்காரவைத்தவர் அவர்தான்.

அன்று என்ன படித்தேன் என்று கேட்டால் கதையைவிட அலமாரிதான் நினைவில் நிற்கிறது. கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம். கீழ்த்தட்டில் சிறுவர் நூல்கள். நேரு பால புத்தகாலய வரிசையின் மெல்லிய படப் புத்தகங்கள், மாஸ்கோவில் அச்சாகி வந்த கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகங்கள், வாண்டுமாமா. மேல் தட்டுகளில் கனமான நாவல்கள். முதல் பக்கத்தில் ஊதா முத்திரை, கடைசிப் பக்கத்தில் திருப்பித் தரவேண்டிய தேதி குறிக்கும் தாள். எல்லாத் தாளும் வெறுமையாக இருந்தது. எனக்கு முன்னால் யாரும் அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. பழைய துணி, பழைய செருப்பு, அக்காமார்கள் படித்து முடித்த பாடப்புத்தகம் என்று வளர்ந்த பிள்ளைக்கு அந்த வெறும் தாள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போக உறுப்பினராக வேண்டும். படிவத்தில் ஜாமீன் கையெழுத்து கேட்டிருந்தது. வீட்டு வரி கட்டுபவரோ அரசு ஊழியரோ போடவேண்டும். வீட்டு வரிக்கு எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். லயத்துக்கு வெளியே சொந்தமாகக் குடிசை போட்டவர்களுக்கோ பட்டா இல்லை. 1969-ல் ஜன்மம் என்னும் பரம்பரை நிலவுடைமையை ஒழிக்கச் சட்டம் வந்தபோது 17-ஆம் பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். யாருக்குச் சொந்தம் என்பது தீராமல் கிடந்ததால் அந்த வீடுகளுக்குக் கரண்டும் கிடைக்கவில்லை. ஓவேலிக்காரர்களுக்குச் 'செக்‌ஷன் 17' என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வார்த்தை. கடைசியில் என் வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் நூலகர் அப்பாவுக்கு ஒரு விஷயம் சொன்னார். இந்தச் செலவெல்லாம் யார் கொடுப்பது என்று அப்பா கேட்டதற்குப் பதில். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பல காலம் வலியுறுத்தி வந்ததன் பலன். நாட்டிலேயே அதற்கு முன் எந்த மாகாணத்திலும் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஊரில் வீடு வைத்திருக்கிறவர்கள் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரி என்று சில காசு சேர்த்து வாங்குகிறார்கள், அதில்தான் இந்தப் புத்தகங்கள் வருகின்றன என்றார். அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். "வீடுள்ளவன் காசுல வீடில்லாதவன் படிக்கலாமா சார்?" என்று கேட்டார். "அதுக்குத்தானேய்யா சட்டம்" என்றார் நூலகர். இன்றுவரை நான் கேட்ட மிக நல்ல சட்ட விளக்கம் அதுதான்.

படிவம் கொடுத்த ஞாயிறன்று நூலகர் பெரிய பேரேட்டைத் திறந்தார். நீலக் கோடு போட்ட பக்கம். முதலெழுத்து கேட்டார், அப்பா பெயர் கேட்டார், வயது கேட்டார். விலாசத்துக்கு, "பத்தாம் லயம், மூணாவது காம்பரா" என்றேன். கொஞ்சம் யோசித்து, நான் சொன்னபடியே எழுதினார். பேனாவை மூடிவிட்டு, "பேர் போட்டாச்சு, போ" என்று ஒரு புத்தகத்தை நீட்டினார்.

சட்டைக்குள் புத்தகத்தை வைத்து அதன்மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு மழையில் ஓடினேன். அம்மா கைக்காசு முடிந்து வந்து அடுப்படியில் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார். "அம்மா, எனக்குப் பேர் போட்டுட்டாங்க!" என்று கத்தினேன்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. பிழிந்த சேலை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "யாரு போட்டா? அப்பாவுக்குத் தெரியுமா?" என்றார். குரல் அடைத்திருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. பன்னிரண்டு முடிந்த பிள்ளையைத் தோட்ட வேலைக்கு எடுக்கலாம் என்று அப்போது சட்டமே இடம் கொடுத்தது. பின்னால்தான் அது மாறியது. என்னைச் செக்ரோலில் சேர்த்துவிட்டார்கள் என்று அம்மா நினைத்துவிட்டார். புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினார். எழுத்துத் தெரியாதவர். ஊதா முத்திரையைத் தடவிப் பார்த்தார். "இந்தப் பேரா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே விழுந்த சேலையை மறுபடி அலசப் போனார்.

அன்று இரவிலிருந்து குப்பி லாம்பு வெளிச்சத்தில் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். மண்ணெண்ணெய் ரேஷனில் அளந்து வாங்கியது, ஆனால் 'போதும் அணை' என்று அவர் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் தொடங்கும்போது ஒரே கேள்வி கேட்பார்: "இதுல கொழுந்து எடுக்குறவங்க வாராங்களா?" வரமாட்டார்கள். ராஜா வருவார், கரடி வரும், பட்டணத்துப் பிள்ளைகள் வருவார்கள். சில வருஷம் கழித்து மேல் தட்டுக்குக் கை எட்டியபோது ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' கிடைத்தது. நீலகிரியும் படகர் வாழ்க்கையும் ஒரு புத்தகம் முழுக்க. எங்களுக்குத் தெரிந்த பனி, தெரிந்த மலை. அம்மா ஆசையாகக் கேட்டார். அதிலும் எங்கள் லயம் இல்லை.

அப்பா வேறு மாதிரி. ஞாயிறு தவறாமல் வந்து செய்தித்தாள்களை எழுத்து விடாமல் படிப்பார். அவர் யாழ்ப்பாணத்தைப் பார்த்ததே இல்லை. மலையகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இருந்த தூரம் வெறும் மைல் கணக்கு இல்லை. ஆனாலும் 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்து 97,000 நூல்கள் சாம்பலானதைச் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்ததுபோலத்தான் சொல்வார். நூலகத்தைப் பூட்டும் நேரத்தில் ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். அவரிடம் யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. அதிலும் அவசரம் இருந்தது. இருட்டினால் யானை இறங்கும், அதற்குள் நாங்கள் லயம் ஏறியாக வேண்டும்.

பின்னாளில் ஊட்டியில் நீலகிரி நூலகத்தைப் பார்த்தேன். 1859-ல் வெள்ளைக்காரர்கள் ஏற்படுத்தியது. உயர்ந்த கூரை, பெரிய ஜன்னல், உறுப்பினருக்கு மட்டும். அழகான கட்டடம், மறுக்கவில்லை. இந்த மலைக்குப் புத்தகம் வந்து அத்தனை காலமாகியும் எங்கள் லயத்துக்கு வர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது என்று எண்ணியபோது மனசு கனத்தது.

அம்மாவின் கேள்விக்குப் பதில் 2007-ல் வந்தது. பி.எச். டேனியல் என்ற மருத்துவர், வால்பாறைத் தோட்டத் தொழிலாளிகளைப் பற்றி 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆகத் தமிழில் வெளியானது. அட்டையும் பனியும் பெரட்டும் அதில் இருந்தன. அம்மா அப்போது இல்லை.

ஊட்டிக்கு வருகிறவர்கள் தேயிலைத் தூளும் வர்க்கியும் வாங்கிப் போகிறீர்கள். வாங்குங்கள், எங்கள் பிழைப்பு அது. அடுத்த முறை கூடலூர் வழியாக வரும்போது, உங்கள் பிள்ளைகள் படித்து முடித்த நல்ல கதைப் புத்தகங்கள் நாலு எடுத்து வந்து, தோட்டப் பகுதியில் கண்ணில் படுகிற நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஞாயிறு வாருங்கள். ஆனி ஆடியில் வருவதாக இருந்தால் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். எங்கள் பக்கம் மழை அதிகம்.