வியர்வை என்றால் ரத்தம்

உயரத்தைச் சொன்னால் இமயத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். வட ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைத்தொடரில் மிக உயர்ந்த சிகரமான புரோக்கன் வெறும் 1,141 மீட்டர். 2018இல் தொடங்கிய வறட்சியும் அதைத் தொடர்ந்து வந்த பட்டை வண்டும் இங்குள்ள ஸ்ப்ரூஸ் காடுகளைச் சாய்த்துவிட்டன. சாம்பல் நிறத்தில் செத்து நிற்கும் மரங்களுக்கு நடுவே புதிய கன்றுகள். அந்தக் கன்றுகளின் குருத்தைக் கடிக்க வருகின்றன செம்மான்கள். மான்களைச் சுட அதுவும் ஒரு காரணம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதையே மறந்துவிட்ட நமக்கு இது உறுத்தும். ஜெர்மனியில் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். கடினமான தேர்வில் தேறினால்தான் உரிமம். ஆனால் வேட்டைக்காரரின் யோக்கியதை தெரிவது குண்டு பாய்ந்த பிறகுதான்.

இதயத்தில் அடிபட்ட மான்கூட அந்த இடத்திலேயே விழும் என்பதில்லை. பல மீட்டர் தூரம் பாய்ந்து புதருக்குள் மறைந்துவிடும். சுட்டவர் பின்னால் ஓடக் கூடாது. மான் நின்ற இடத்தை மனதில் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு மெல்லப் போய்த் தரையைப் படிக்க வேண்டும். நுரையுடன் வெளிர் சிவப்பில் ரத்தம் கிடந்தால் குண்டு நுரையீரலில். மான் பெரும்பாலும் அருகிலேயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாக இரைப்பைச் சாறு கலந்திருந்தால் வயிறு. எலும்புச் சில்லு என்றால் கால் முறிந்திருக்கலாம். அறுந்து விழுந்த மயிர்கூட சாட்சி சொல்லும்.

வயிற்றில் அடிபட்டதுதான் பெரிய சங்கடம். காயம்பட்ட மானைத் தவிர்க்கக்கூடிய வலியிலிருந்து காக்க, தாமதமின்றிக் கொல்ல வேண்டும் என்கிறது கூட்டாட்சி வேட்டைச் சட்டம். ஆனால் உடனே துரத்தினால், படுத்திருக்கும் மான் எழுந்து பல கிலோமீட்டர் ஓடும். ஒருவேளை கிடைக்காமலே போகும். அதனால் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் ஓர் உயிர் எங்கோ வலியில் கிடக்கிறது. அவசரப்படுவதும் கொடுமை, காத்திருப்பதும் கொடுமை. இரண்டில் சின்னதைத் தேர்ந்தெடுப்பதுதான் அனுபவம்.

அதன் பிறகு வருகிறது நாய். இந்த வேலைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம், ஹனோவர் தடநாய். அதற்கான சங்கம் 1894இல் தொடங்கியது. செங்குத்தான மலைகளுக்கு இன்னும் இலகுவான பவேரிய இனம் உண்டு. பத்து மீட்டர் நீளத் தோல் வாரின் ஒரு முனையில் நாய், மறுமுனையில் அதை நடத்துபவர். ரத்தத் துளியே கண்ணில் படாத இடத்திலும் நாய் தடுமாறாது. காயம்பட்ட மானின் குளம்பு வாடையும் மிதிபட்ட மண்ணின் வாடையும் அதற்குப் போதும். நேற்றைய தடத்தைக்கூட, குறுக்கே போன பத்து மான்களை விட்டுவிட்டு, ஒரே மானுக்காகத் தொடரும்.

இங்கே வேட்டைக்காரர்களுக்குத் தனி மொழி. ரத்தத்தை ரத்தம் என்று சொல்வதில்லை, வியர்வை என்பார்கள். நாயின் பெயரிலும் அந்த வியர்வை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட்க நாகரிகமாக இருக்கிறது. ஆனால் பேச்சை மாற்றியவர்கள் பொறுப்பை மாற்றிக்கொள்ளவில்லை. "குறி தப்பிவிட்டது" என்று சுட்டவர் சொன்னால் மட்டும் போதாது. துளி ரத்தம் இல்லாவிட்டாலும் நாயை வரவழைத்துத் தடம் பார்ப்பதே முறை. காயத்தைக் கொழுப்பு அடைத்துக்கொண்டால் ரத்தம் வெளியே வராது. வேட்டை எல்லையைத் தாண்டி மான் போய்விட்டாலும், அங்கீகாரம் பெற்ற நாய்க்காரர்கள் பின்தொடரப் பல மாநிலங்களில் சட்டம் வழிவிடுகிறது.

மான் கிடைத்ததும் அதன் வாயில் ஒரு சிறு கிளையை வைக்கிறார்கள். கடைசிக் கவளம். சுட்டவருக்கும் தொப்பியில் செருக ஒரு கிளை. அதில் ஒரு பகுதியை ஒடித்து அவர் நாய்க்காரரிடம் கொடுக்க, அது நாயின் கழுத்துப் பட்டைக்குப் போகிறது.

சுடாமலே இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் ஜெர்மனியிலும் உண்டு. அந்தக் கேள்விக்கு நாயிடம் பதில் இல்லை. சுட்டதைப் பாதியில் விட்டுப் போக முடியாது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.