திரும்பி வராத இரவல்

விருதுநகரில் நான் பணியாற்றும் கல்விக்கூடத்து நூலகத்தில் இரவல் பதிவேடு ஒன்று உண்டு. நூலை எடுத்துச் சென்று திருப்பித் தாராதவர் பெயரைச் சிவப்பு மையால் எழுதுவேன். மாணவர்கள் இதனைக் கேலி செய்வர். நானோ விட்டதில்லை.

2022ஆம் ஆண்டில் ஒருநாள் சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தனர். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். தாய் பட்டாசு ஆலைத் தொழிலாளி. அன்றையக் கூலியை விட்டு வந்திருந்தார். நண்பகலில் நூலகக் கணினிகள் பன்னிரண்டும் ஒருசேர நின்றன.

அவையனைத்தும் வெளியுலகோடு பேசுவது பிராக்ஸி சர்வர் என்னும் ஒரே வாயில் வழியாகத்தான். அதில் இயங்கும் மென்பொருளின் பெயர் ஸ்குவிட். கணவாய் மீன் என்று பொருள். கீழக்கரை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை! உலகெங்கும் பலர் கூடிப் பேணி, இலவசமாய் வழங்கும் மென்பொருள் அது.

அதைக் கவனிக்கும் என் பழைய மாணவர் ஓடிவந்தார்.

"ஹஜ்ரத், மெமரி தீர்ந்துவிட்டது."

"நினைவு எப்படித் தம்பி தீரும்?"

அவர் விளக்கினார். ஒவ்வொரு கேட்புக்கும் சர்வர் சிறிது நினைவிடத்தை இரவல் வாங்கும். பணி முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். யூஆர்என் என்னும் அரிதான முகவரி வகையைக் கேட்டால் மட்டும், பழைய ஸ்குவிட் ஒரு துணுக்கைத் திருப்பித் தர மறந்துவிடும். ஒருமுறை கேட்டால் ஒன்றுமில்லை. வேண்டுமென்றே ஓயாது கேட்டால் இடமெல்லாம் தீர்ந்து, எல்லோருக்கும் வாயில் அடைபடும். ஓரமாய் அமர்ந்திருந்த தாய் இதனைக் கேட்டு, "எங்க ஆலையில மிச்ச மருந்தைச் சாயங்காலம் ரூமில வச்சிருக்கக் கூடாதுங்கய்யா. அது மாதிரி இதுல தங்கிப்போச்சா?" என்றார். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்களைப் பறிகொடுத்த வட்டாரத்துக்காரர். என் பதிவேட்டு உவமையைவிட அவருடையதே பொருத்தம்.

சர்வரை நிறுத்தி இயக்கினோம். ஒருமணி நேரத்தில் மீண்டும் நின்றது. மூன்றாம் முறை இயக்கியபின், இரவு ஒன்பதரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பேருந்தைத் தவறவிட்ட இருவரும் அன்றிரவு எங்கள் வீட்டில் தங்கினர்.

மறுநாள் சர்வரின் குறிப்பேட்டைப் புரட்டியபோது உண்மை வெளிப்பட்டது. எங்கள் மாணவன் ஒருவனே, எங்கோ படித்ததைச் சோதிக்க எண்ணி, அத்தகைய கேட்புகளை ஆயிரக்கணக்கில் அனுப்பியிருந்தான். அவனை நீக்கவேண்டும் என்றனர் சிலர். நான் இசையவில்லை. இக்குறையை நீக்கிய ஸ்குவிட் 4.15 பதிப்பு 2021 மே மாதமே வெளிவந்துவிட்டது. காசு கேட்காத மருந்தை ஓராண்டுக்கும் மேலாக வாங்காமல் இருந்தவர்கள் நாங்கள். அவன் செய்தது தவறுதான். எங்களுடையது அதனினும் மூத்த தவறு.

புதுப்பதிப்பை நிறுவும் பணியில் அவனையே உடன் அமர்த்தினோம். பதிவேட்டில் அன்று சிவப்பு மையால் ஒரு வரி எழுதினேன். கடன் வைத்தவர் பெயரிடத்தில், 'நூலகத்தார்' என்றிருக்கிறது.