இரும்புக்கும் ஓர் ஒலி

காணாமற்போன பொருளைக் கண்களால் தேடுவதே மனித வழக்கம். காதுகளால் தேடுவோரும் உலகில் உளர். அறுவடை முடிந்து உழுது போட்ட இங்கிலாந்து நாட்டு வயல்களில், காதில் ஹெட்ஃபோன் அணிந்து, நீண்ட தண்டின் நுனியில் தட்டுப்போன்ற வளையம் பொருத்திய கருவியை இடமும் வலமுமாக வீசிக்கொண்டு மெல்ல நடக்கும் மனிதரைக் காணலாம். மெட்டல் டிடெக்டர் எனப்படும் அக்கருவியைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் அந்நாட்டில் பல்லாயிரவர். நில உரிமையாளரின் அனுமதி பெற்றே வயலில் இறங்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களுக்குள் கருவியோடு நுழையலாகாது. புதையல் எனக் கருதத்தக்கது கிடைத்தால் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும்.

நம் இளவல் அந்நாட்டின் கிழக்கே சஃபோக் பகுதியில் பல்லாண்டுகளாகக் குடியிருப்பவர். பணி ஓய்வுக்குப்பின் இப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. இரு இலையுதிர் காலங்களில் அவரோடு தங்கியிருந்தபோது நாமும் அவர் பின்னால் சேற்றில் நடந்தோம். பொன்னும் வெள்ளியும் கிடைத்தனவா என்று ஊரில் பலரும் வினவுகின்றனர். நம் சிந்தையைக் கவர்ந்ததோ அவர் காதில் ஒலித்த ஒலிகளே.

அவ்வளையத்துக்குள் செப்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒரு சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அங்கே உலோகம் கிடந்தால் அதனுள் சுழல் மின்னோட்டம் எழுந்து, தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது; மற்றொரு சுருள் அதனை உணர்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையே நேரும் மிக நுண்ணிய காலத் தாமதம் உலோகத்தின் தன்மைக்கும் பருமனுக்கும் ஏற்ப வேறுபடும். அந்த வேறுபாட்டையே கருவி சுருதியாக மாற்றித் தருகிறது. இரும்புக்குத் தாழ்ந்த, கரகரத்த ஒலி. அலுமினியத் தாளுக்கும் மெல்லிய பொன் மோதிரத்துக்கும் நடுத்தர ஒலி. கனத்த செம்புக்கும் வெள்ளிக்கும் உயர்ந்த, தெளிந்த ஒலி. திரையில் எண்ணும் தோன்றும். ஆயினும் பழகியவர்கள் திரையைக் குனிந்து பார்ப்பது அரிது.

இக்கருவி பிறந்த நாள் முதலே காதை நம்பித்தான் இருந்தது. 1881 ஜூலை 2ஆம் நாள் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுள் தங்கிய குண்டு எங்கே என மருத்துவர்கள் அறியாது திகைக்க, தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல், மின்தூண்டல் கருவி ஒன்றை ஆக்கிக் கொணர்ந்து, தொலைபேசியின் கேட்குழலைத் தம் காதில் வைத்துத் தேடினார். குண்டு அகப்படவில்லை. படுக்கையின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர். குண்டு வலப்புறமே உள்ளது என உறுதி கொண்டிருந்த தலைமை மருத்துவர், அப்புறத்தை மட்டுமே தேட இசைந்தார். அது இடப்புறம் இருந்தது. செப்டம்பர் 19ஆம் நாள் அதிபர் இறந்தார். தாயும் மனைவியும் செவிப்புலன் இழந்தோராய் அமையப்பெற்ற ஒருவர், ஓர் உயிரைக் காக்கத் தம் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற அக்காட்சி நம் மனத்தை விட்டு அகல்வதில்லை.

இன்றைய கருவிகளில் எத்தனை வகை ஒலி வேண்டும் என்பதைத் தேடுவோரே அமைத்துக்கொள்ளலாம். 2018இல் வெளிவந்த மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் கருவியில் 1, 2, 5, 50 எனத் தெரிவுகள் உண்டு. ஒற்றை ஒலியில் எந்த உலோகமும் ஒரே சுருதியில் கூவும். இரட்டை ஒலியில் இரும்பு ஒன்று, மற்றவை யாவும் ஒன்று. ஐம்பதில் ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு சுருதி. புதியவருக்கு அது இசைக்குழு ஒன்று வாத்தியங்களைச் சுருதி கூட்டும்போது எழும் குழப்பமே. சில கருவிகளில் இடைவிடாத மெல்லிய முனகல் ஒன்றும் பின்னணியில் ஓடும். அதனை த்ரெஷோல்ட் என்பர். எங்கே அம்முனகல் சற்று உயர்கிறது, எங்கே அறுந்துபோகிறது எனக் கவனிப்பது ஒரு தனிப் பயிற்சி.

இவற்றினும் முதன்மையானது வேண்டாத உலோகத்தை ஊமையாக்கும் அமைப்பாகும். ஆங்கிலத்தில் அதன் பெயர் டிஸ்கிரிமினேஷன், அதாவது பாகுபாடு. நம் ஊரிலும் நம் ஆலயங்களிலும் அச்சொல் எத்தனை காயங்களை நினைவூட்டும் என்பதை வாசகர் அறிவர்; அங்கே அது ஒரு பொத்தானின் பெயர் மட்டுமே. இரும்பை ஊமையாக்கிவிட்டால் வயல் அமைதியாகிவிடும். நூற்றாண்டுகளின் ஆணிகள், லாடங்கள், கலப்பைத் துண்டுகள் எவையும் காதைத் துளைப்பதில்லை. தொடக்கத்தில் நம் இளவலும் அப்படியே செய்தாராம். பின்னர் விட்டுவிட்டார். ஆணியின் அருகிலேயே ஒரு காசு கிடந்தால், இரும்பைப் புறக்கணிக்கும் கருவி அக்காசையும் சேர்த்தே புறக்கணித்துவிடக் கூடும். அவ்வாறு இழந்ததை ஒருவரும் அறிவதில்லை, ஒலியே எழவில்லை அல்லவா! எனவே அவர் இரும்பை அடைக்காமல், அதன் சுருதியையும் உரப்பையும் தாழ்த்தி வைத்துக்கொண்டார். "அண்ணா, இரும்பு பேசட்டும், மெதுவாகப் பேசினால் போதும்" என்றார்.

ஒரு நாள் காலை, தாழ்ந்த உறுமல்களின் இடையே நடுத்தரத்துக்கும் கீழான, உடைந்த ஒலி ஒன்று கேட்டு அவர் நின்றார். சிகரெட் பெட்டியின் தாளும் அப்படித்தான் ஒலிக்குமாம். குறுக்கே திரும்பி நின்று வேறு திசையிலிருந்து மீண்டும் வளையத்தை வீசினார், ஒலி மாறவில்லை. ஒரு திசையில் மட்டும் கேட்பது பெரும்பாலும் வளைந்த ஆணியின் ஏமாற்று. இரு திசையிலும் கேட்டால் தோண்டலாம் என்பது அவர்கள் கணக்கு. ஒரு சாண் ஆழத்தில் விரல் நகத்தினும் சிறிய, தாளினும் சற்றே தடித்த வெள்ளித்துண்டு கிடைத்தது.

அது கால் பென்னி. 1247இல் மூன்றாம் ஹென்றி மன்னர் வெளியிட்ட வெள்ளிப் பென்னியின் பின்புறத்தில் ஒரு சிலுவை விளிம்பு வரை நீண்டிருக்கும். அரைக்காசும் கால்காசும் தனியே அச்சிடப்படாத அந்நாளில், சில்லறை வேண்டியோர் அச்சிலுவையின் கோடுகளை ஒட்டியே காசை இரண்டாகவும் நான்காகவும் வெட்டினர். 1279இல் தொடங்கிய முதலாம் எட்வர்டு மன்னரின் புதிய நாணய முறையில்தான் வட்டமான கால் பென்னிகள் பெருகின. முழுக் காசு ஓரளவு உயர்ந்த சுருதியில் கூவும். வெட்டிய துண்டோ குப்பையின் சுருதியில்தான் ஒலிக்கும். ஏழையின் கைக்கு வந்தது பெரும்பாலும் துண்டுதான் என எண்ணுகிறோம். குப்பை வேண்டாம் என நடுத்தர ஒலிகளையும் அடைத்துக்கொண்டு நடப்பவரின் காலடியில் அது அப்படியே கிடக்கும்.

இவ்வொலிகளின்மேல் நமக்கு எழுந்த ஈடுபாட்டுக்குச் சொந்தக் காரணமும் உண்டு. எழுபதைக் கடந்த நம் காதுகள் உயர்ந்த சுருதிகளை மெல்ல இழந்து வருகின்றன. முதுமையில் முதலில் விடைபெறுவது அவைதாம். பேரக்குழந்தைகளின் கீச்சுக்குரலும் சொற்களின் ஓரங்களில் உரசும் மெய்யெழுத்துகளும் தேய்ந்துவிட்டன. இளவல் நமக்காகத் தம் கருவியில் வெள்ளியின் சுருதியைப் பல படி இறக்கிவைத்து ஹெட்ஃபோனைக் கொடுத்தபோது, அதுவரை மங்கலாக இருந்தது துலங்கக் கேட்டது. அவருடைய தோழர்களுள் மூத்தோர் பலரும் தத்தம் காதுக்கேற்பவே அமைத்துக்கொள்கின்றனராம்.

ஊர் திரும்பியதும் நம் செவித்துணைக் கருவியைச் சரிபார்க்கச் சென்றோம். இரைச்சல் குறைப்பு மிக உயர்வாக அமைந்திருந்தது. பாத்திரங்களின் ஓசையும் தெருவின் ஆரவாரமும் அடங்கிய அந்த அமைதி இதமானதே. ஆனால் அடுக்களையிலிருந்து மனைவி தணிந்த குரலில் அழைப்பதும் அதனோடு அடங்கியிருந்தது. குறைப்பைத் தளர்த்தித் தருமாறு வேண்டினோம். "இரைச்சல் வருமே, ஐயா" என்றார் அங்கிருந்த இளைஞர். வரட்டும் என்றோம். இப்போது மின்விசிறியின் ஓசை நாள் முழுவதும் உடன் இருக்கிறது. அதனூடே அவளும் கேட்கிறாள்.

சஃபோக்கிலேயே ஹாக்ஸ்ன் என்னும் சிற்றூர் உள்ளது. 1992 நவம்பர் 16ஆம் நாள் அவ்வூர் வயலொன்றில் எரிக் லாஸ் என்பவர், நண்பரான உழவர் தொலைத்துவிட்ட சுத்தியலைத் தேடிக் கருவியோடு இறங்கினார். சுத்தியலைத் தேடுபவர் இரும்பை ஊமையாக்கிக்கொண்டு தேட இயலாது. அவர் காதில் விழுந்ததோ வேறு ஒலி. மண்ணுள் பொற்சங்கிலிகளும் வெள்ளிக் கரண்டிகளும் காசுகளும் தென்பட்டன. ஓரளவு எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்திச் செய்தி தெரிவித்தார். தொல்லியலார் வந்து எஞ்சியதை முறையாக அகழ்ந்தெடுத்தனர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோமை ஆட்சி அத்தீவை விட்டு விலகிய நாட்களில், யாரோ ஒரு செல்வக் குடும்பத்தார் மரப்பெட்டியில் வைத்துப் புதைத்த ஏறத்தாழ 15,000 நாணயங்களும் 200 அளவிலான அணிகலன்களும் கலன்களும் அவை. கரண்டிகள் சிலவற்றில் கிறிஸ்துவின் பெயர்க்குறியான கிரேக்க எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. உரியவர் திரும்பி வரவே இல்லை.

சுத்தியலும் கிடைத்தது. புதையலோடு அதுவும் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது.