கொழுந்துக் கணக்கும் பூக்கணக்கும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் பின்சந்து ஒன்றில், மாலை வேளைகளில் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இந்நகரில் பி.எஸ்சி. படிக்கிறவள் நான். வருகிற பிள்ளைகள் வீட்டில் நாஞ்சில் நாட்டுத் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள். கேரள அரசு அச்சிடும் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் படிக்கிறவர்கள். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் நான் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதில்லை. வீட்டில் என்ன தொழில், கணக்கு பார்ப்பது யார் என்று கேட்பேன். இந்தப் பழக்கம் இலங்கை மலையகத்தில் வந்தது.

கல்லூரி விடுமுறையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தன்னார்வலராகக் கணிதம் கற்பிக்கப் போயிருந்தேன். தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1970களில்தான். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் தட்டுப்பாடு அங்கே இன்னும் தீரவில்லை. ஏழாந்தரத்துப் பெண்ணொருத்தி, கரும்பலகையில் தசமக் கணக்கு போட்டால் தலைகுனிந்து நிற்பாள். ஒரு மாலை அவள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். கொழுந்து பறிக்கும் அம்மா அன்றைய மூன்று நிறுவையையும் கிலோவில் சொன்னார்: ஆறரை, ஏழு, ஐந்தரை. பைக்கும் ஈரத்துக்கும் தடவைக்கு ஒரு கிலோ கழிவு. அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, “பதினாறும்மா” என்றாள். மறுநாள் அதே நிறுவையை 6.5, 7, 5.5 என்று பலகையில் எழுதினேன். “இது அம்மாவோட கணக்குதானே மிஸ்!” என்று எழுந்து வந்து, சாக்கட்டியை வாங்கித் தானே போட்டாள்.

சாலையில் எனக்குக் கொழுந்து கிடையாது, பூ உண்டு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா தோவாளைச் சந்தையிலிருந்து பூ எடுத்துவந்து விற்கிறவர். சதவீதம் என்றாலே அவனுக்குப் பயம். ஓணத்துக்கு நாற்பது ரூபாய்ப் பூ அறுபதானால் எத்தனை சதவீதம் கூடியது என்று கேட்டேன். பாதி கூடியிருக்கிறது, அதனால் ஐம்பது என்றான். ஓணம் முடிந்து அதே ஐம்பது சதவீதம் குறைந்தால் பழைய விலைக்கு வந்துவிடுமா? “எப்படிக்கா வரும்? அறுபதுல பாதி கொறைஞ்சா முப்பதுல்லா? அப்பாவுக்கு நட்டம்லா!” பட்டதாரிகளே தடுமாறுகிற இடம் இது. ஏ பிளஸ் வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் டியூஷன் சென்டர்களில் மாதிரி வினாத்தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பிள்ளையின் வாயைத் திறக்கவைக்க அங்கே யாருக்கு நேரம்?

மலையகம் கற்றுத்தந்த இன்னொன்றும் உண்டு. வெளியூரிலிருந்து போகிற தன்னார்வலர் திரும்பிவிடுவார். பாடம் அங்கே நின்றுபோகக் கூடாது. ஆகவே மூத்த பிள்ளைகளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழக்கினோம். இது நம் மண்ணில் பழைய வழக்கம். 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அந்த எழுத்தைத் தன் விடுதியில் மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பித்து, 1797இல் லண்டனில் அந்த முறையை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. பூக்காரர் மகன் இப்போது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சதவீதம் சொல்லிக்கொடுக்கிறான். தனக்கே சந்தேகம் வரும் இடத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பான். அவன் எதைப் புரிந்துகொண்டிருக்கிறான் என்பதை எந்தத் தேர்வையும்விட அந்தப் பார்வை எனக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் கல்லூரிகளுக்கு வந்து படிக்கும் மாணவர்களே, தமிழில் கணக்கும் அறிவியலும் சொல்லித்தர இங்கே ஆள் போதவில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள் உங்களில் பலர். வாரத்தில் ஒரு மாலை சாலைப் பக்கம் வாருங்கள்.