எட்டு மாசம் மட்டும் இருந்த துகள்

இன்னைக்குப் பதிவு, இல்லவே இல்லாத ஒரு துகளைப் பத்தி. ஹிக்ஸ் போசான் 2012-ல கிடைச்சப்போ 'கடவுள் துகள்'னு தலைப்பு போட்டு எல்லாரும் எழுதித் தள்ளியாச்சு. கிடைக்காமப் போனதுக்கு யாரும் எழுதறதில்லை. அதான் நான் ஆரம்பிக்கிறேன் :-)

முதல்ல கொஞ்சம் முன்கதை. ஸ்டாண்டர்ட் மாடல்னு இயற்பியல்ல ஒரு பட்டியல் இருக்கு. எலக்ட்ரான், குவார்க், போட்டான், ஹிக்ஸ் எல்லாம் சேர்த்து 17 அடிப்படைத் துகள்கள். கணக்கு அவ்வளவு கச்சிதமா ஒத்துப்போகும். ஆனா பிரபஞ்சத்துல உள்ள மொத்தப் பொருள்ல ஆறுல அஞ்சு பங்கு கரும்பொருள்னு சொல்றாங்களே, அதுக்கு இந்தப் பட்டியல்ல இடமே இல்லை. ஈர்ப்பு விசையும் இதுக்குள்ள அடங்கல. அதனால 18-வது ஆளா யாராவது வரமாட்டாங்களான்னு ஒரு தலைமுறையே வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கு.

தேடற இடம், ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆய்வகத்தோட 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கம். புரோட்டான்களை ஒண்ணோட ஒண்ணு மோத விடுவாங்க. கனமான புதுத்துகள் பிறந்தாலும் நேர்ல பார்க்க முடியாது, பிறந்த உடனே சிதைஞ்சுடும். உதாரணமா ரெண்டு போட்டானா உடையுதுன்னு வைங்க. அந்த ரெண்டோட ஆற்றலையும், நடுவுல உள்ள கோணத்தையும் அளந்தா, பெத்த துகளோட நிறையைக் கணக்குப் போட்டுடலாம். ஒவ்வொரு நிறையிலும் எத்தனை ஜோடி வந்ததுன்னு வரைபடம் போட்டா, சறுக்கு மரம் மாதிரி வழவழன்னு இறங்கும். நடுவுல ஒரு மேடு தெரிஞ்சா, அங்க யாரோ ஒளிஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். ஹிக்ஸ் மாட்டினதுல இந்த வழிக்குப் பெரிய பங்கு உண்டு.

2015 டிசம்பர் 15. அட்லஸ், சிஎம்எஸ்னு ரெண்டு குழுக்கள், ரெண்டு தனித்தனி கருவிகள். ரெண்டு பேரும் அந்த வருஷ முடிவுகளை வெளியிட்டாங்க. ரெண்டு வரைபடத்துலயும் ஏறக்குறைய ஒரே இடத்துல, 750 ஜிஇவி பக்கத்துல, ஒரு சின்ன மேடு! ஹிக்ஸைப் போல ஆறு மடங்கு, புரோட்டானைப் போல 800 மடங்கு நிறை. ஸ்டாண்டர்ட் மாடல்ல அப்படி ஒரு ஆளே கிடையாது. செய்தியைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. (வீட்டுல கேட்டாங்க. சொன்னேன். அவங்க நல்லாத் தூங்கினாங்க.)

அட்லஸ் மேட்டோட பலம் 3.6 சிக்மா. அதாவது, தற்செயலா அப்படி ஒரு மேடு வர ஏறக்குறைய 6000-ல ஒரு வாய்ப்பு. ஆகா, கிடைச்சாச்சேன்னு தோணும். ஆனா அதே அறிக்கையில இன்னொரு எண்ணையும் அவங்களே போட்டிருந்தாங்க. '750-ல மேடு வர வாய்ப்பு என்ன'ன்னு கேக்காம, 'இவ்வளவு நீள வரைபடத்துல எங்கயாவது ஒரு மேடு வர வாய்ப்பு என்ன'ன்னு கேட்டா, 3.6 குறைஞ்சு 2 சிக்மா பக்கத்துல வந்துடும். ஏறக்குறைய 40-ல ஒண்ணு. சிஎம்எஸ் மேடு இதைவிட சின்னது. இந்தத் துறையில 5 சிக்மா தாண்டினாத்தான் கண்டுபிடிப்புன்னு சொல்லுவாங்க. அது 35 லட்சத்துல ஒரு வாய்ப்பு.

இந்த 'எங்கயாவது' விஷயம் எனக்கு மண்டையில ஏறினது புத்தகம் படிச்சு இல்லை. 2016 ஆரம்பத்துல அம்மாவுக்கு முழு உடல் பரிசோதனை எடுத்தோம். முப்பது சொச்சம் டெஸ்ட். ஒண்ணே ஒண்ணு, ஈரல் சம்பந்தப்பட்டது, எல்லை தாண்டி தடிமனான எழுத்துல இருந்துச்சு. அவ்வளவுதான், வீடே ஆராய்ச்சிக்கூடம் ஆயிடுச்சு. சித்தி ஒரு காரணம் சொன்னாங்க, மாமா ஒண்ணு சொன்னார், நான் கூகுள்ல தேடித் தேடி வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டேன். அம்மா ஒண்ணும் பேசல. பீரோவைத் திறந்து எந்தப் பத்திரம் எங்க இருக்குன்னு தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அதைப் பார்த்தப்போதான் எனக்குக் கை நடுங்கிச்சு.

டாக்டர் அமைதியா ஒரு கணக்கு சொன்னார். "நார்மல்னு போடற எல்லையே, ஆரோக்கியமானவங்க நூறு பேர்ல 95 பேர் உள்ள வர்ற மாதிரி வகுத்ததுதான். முப்பது டெஸ்ட் எடுத்தா ஏதாவது ஒண்ணு வெளிய நிக்கறது சகஜம். அதுக்காக விட்டுடவும் கூடாது. மூணு வாரம் கழிச்சு அதை மட்டும் திரும்ப எடுங்க." வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெஸ்டுகள் ஒண்ணுக்கொண்ணு தொடர்பில்லாததுன்னு வெச்சுக்கிட்டா, ஒண்ணாவது எல்லை தாண்ட முக்கால் பங்குக்கும் மேல வாய்ப்பு! மூணு வாரம் கழிச்சு எடுத்தோம். நார்மல். அம்மா பீரோவைப் பூட்டிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க.

செர்ன்லயும் வைத்தியம் இதேதான். திரும்ப எடுத்துப் பாரு. ஆனா இயந்திரம் மறுபடி ஓடி டேட்டா சேர மாசக்கணக்கு ஆகும். அந்த இடைவெளியில உலகம் பூரா உள்ள சித்தி, மாமாக்கள் சும்மா இருப்பாங்களா? ஹிக்ஸுக்கு அண்ணன், கூடுதல் பரிமாணத்துல இருந்து வந்த கிராவிட்டான், இன்னும் என்னென்னவோ காரணம் சொல்லி 500-க்கும் மேல ஆய்வுக் கட்டுரைகள். இப்படி மேட்டைப் பார்த்ததும் ஓடறதுக்கு அவங்களே வெச்ச பேர் 'ஆம்புலன்ஸ் துரத்தறது'. அப்படி வர்ற கட்டுரைகளோட எண்ணிக்கை எப்படி ஏறும்னு கணிக்கவே 2016-ல ஒருத்தர் ஒரு கட்டுரை எழுதினார்னா பாருங்களேன்!

2016 ஆகஸ்ட் 5, சிகாகோ மாநாடு. முந்தின வருஷத்தைவிட ஏறக்குறைய நாலு மடங்கு புது டேட்டா. மேடு நிஜமா இருந்திருந்தா மலையா வளர்ந்திருக்கணும். ரெண்டு குழுவும் வரைபடத்தைக் காட்டினாங்க. 750-ல ஒண்ணுமே இல்லை. சறுக்கு மரம் வழவழன்னு இறங்கிச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த இடம்தான். ஒவ்வொரு குழுவிலயும் ஆயிரக்கணக்கான பேர். அது நிஜமா இருக்கணும்னு அவங்களைவிட ஆசைப்பட்டவங்க யார் இருக்க முடியும்? நோபல் வரைக்கும் போற சமாச்சாரம். கொஞ்சம் வடிகட்டற விதத்தை மாத்தி, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு, மேட்டை இன்னும் ஒரு வருஷம் உயிரோட வெச்சிருக்கலாம். அதுக்கு இடம் கொடுக்கக் கூடாதுன்னுதான் எதை எடுக்கணும், எதைக் கழிக்கணும்னு டேட்டாவைப் பார்க்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடறாங்க. அம்மா விஷயத்துல மேடு காணாமப் போகணும்னு வேண்டிக்கிட்டோம். சிகாகோவுல இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருப்பாங்க. வேண்டுதல் எந்தப் பக்கமா இருந்தாலும், திரும்ப எடுத்துப் பார்க்கற வேலை ஒரே மாதிரிதான் நடக்கணும்.

"இத்தனை கோடி கொட்டி ஒண்ணும் கிடைக்கலையே, தண்டம்தானே?"ன்னு மச்சான் கேட்டார். ஒண்ணும் கிடைக்காமப் போகல மச்சான். ரெண்டு போட்டானா உடையற துகள், இன்ன நிறையில, இவ்வளவுக்கு மேல உருவாகறதில்லைன்னு ஒரு எல்லை கிடைச்சது. அதுக்குப் பிறகு சேர்ந்த டேட்டாவும் அந்த எல்லையை இன்னும் இறுக்கிச்சு. 18-வது ஆள் இதுவரைக்கும் வரல. வரும்போது, பத்தாயிரம் கண்ணு சந்தேகத்தோட பார்த்து, திரும்ப எடுத்துப் பார்த்து, அப்புறம்தான் உள்ள விடுவாங்க.

மச்சான் இன்னும் ஒத்துக்கல. ஆனா போன மாசம் அவர் டெஸ்ட் எடுத்தப்போ ஒண்ணு தடிமனா வந்திருந்துச்சு. எனக்குத்தான் முதல் போன். "திரும்ப எடுக்கணும் இல்ல?"ன்னு கேட்டார் ;-)