கூச்சத்தால் கேட்காத கேள்வி



ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் பணிபுரியும் எம் மைத்துனர், பதவி உயர்வு கிடைத்த மகிழ்ச்சியில், உயர்தரச் சீன உணவகம் ஒன்றுக்கு எங்களைக் குடும்பத்துடன் அழைத்துச் சென்றார். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பின், கிழக்காசிய உணவு இப்பகுதிக்குப் புதிதன்று, எங்களுக்குத்தான் புதிது.

அடுத்த மேசையில் மூங்கில் கூடைகளைத் திறந்தார்கள். ஆவி பறக்க, கொழுக்கட்டை போன்ற ‘டிம் சம்’. பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. உணவுப் பட்டியலில் கோழி, இறால். அவற்றின் கீழே பன்றி இறைச்சி. விசாரிக்க வேண்டும் என்று அறிந்தும் நாங்கள் வாய் திறக்கவில்லை. விருந்தளிப்பவரின் முகம் வாடுமே என்ற கூச்சம்.

இளைய மகள்தான் பரிமாறுபவரிடம் பணிவாகக் கேட்டாள். அவர் சமையலறையில் விசாரித்து வந்து உள்ளதைச் சொன்னார்: கோழி ஹலால்தான், ஆனால் ஊறவைக்கும்போது அரிசி மது சேர்ப்பதுண்டு, எல்லாக் கூடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஆவியில் வேகும். காய்கறி டிம் சம்மை மது சேர்க்காமல் தனிப் பாத்திரத்தில் அவித்துத் தருவதாகவும் கூறினார்.

“நல்லவேளை கேட்டாயம்மா” என்றார் மைத்துனர். அவர் முகம் வாடவே இல்லை.

இறால் குறித்து ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பன்றியிலும் மதுவிலும் இல்லை. குற்றம் சீன உணவினுடையதும் அன்று. சீனாவின் ஹூயி முஸ்லிம்கள் ‘சிங்ஜென்’ எனப் பலகையிட்ட கடைகளில் ஹலாலாகவே உண்கிறார்கள்.

சந்தேகத்திற்கிடமானவற்றைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸை மதரஸாவில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். இவ்வாண்டு அதனுடன் எங்கள் மௌனத்தையும் மாணவர்களிடம் சொன்னோம். கேட்கும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.